சுரண்டிய மரம்

"இந்தக் கோவம் என்னை விட்டுப் போகாது தாயி. நான் ஊருக்கே போறேன்."

சொன்னவர் செம்புலிங்கம். காலமெல்லாம் பேருந்து நடத்துநராக இருந்து, "உள்ளே போ, உள்ளே போ" என்று ஊர் ஜனத்தையே விரட்டிய தொண்டை.

கேட்டவள் வள்ளியாயி. மலையடிவார மழைக்காட்டில் குடிசை போட்டிருக்கும் குரு. வயதில் அவருக்குத் தங்கை.

"யாருமேல கோவம் அண்ணாச்சி?"

"வேண்டாம், அசிங்கம். மனசைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணிட்டு உங்க முன்னால வந்து உக்காரலாம்னு நெனச்சேன். குடுத்து வைக்கலை."

அதனால்தான் மனுஷர் வந்த நாளிலிருந்து பாடம் கேட்கவே உட்காராமல் விறகு உடைத்துக்கொண்டிருந்தார்.

"போறதுக்கு முன்னாடி உங்களுக்காக ஒரு வேலை செஞ்சிருக்கேன். பாருங்க."

வள்ளியாயி தினமும் அடியில் உட்காரும் மரத்தைக் காட்டினார். வெடித்துச் செதில் செதிலாகத் தொங்கிய பட்டையை, ஏணி வைத்து, அரிவாளால் சுரண்டி எடுத்திருந்தார். மரம் வழவழவென்று நின்றது.

"பட்டைத்தூசி உங்க கஞ்சியில விழுதுல்லா. அதான்."

வள்ளியாயிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இந்த மனுஷரை என்னதான் செய்வது?

"கஞ்சி குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

குடிக்கும்போது மரங்கொத்தி வந்தது. தினமும் வருகிற பறவைதான். நீண்ட அலகு. மரத்தைக் கொத்துவதைவிடப் பட்டை இடுக்கில் அலகை விட்டுத் துழாவுவதில்தான் அதற்கு ருசி.

சுரண்டிய மரத்தின் அடியில் தொற்றியது. மேலே ஏறியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. அலகு வைக்க இடமில்லை. பறந்துவிட்டது.

செம்புலிங்கத்தின் முகம் வாடியது.

"அது வயித்துல அடிச்சுட்டேனே தாயி."

"எங்க போகுதுன்னு பாருங்க."

எதிரே ஒரு கிழட்டு மரம். உடம்பெல்லாம் வெடிப்பு. பறவை ஒரு வெடிப்பில் அலகை முழுசாக விட்டது. கொழுத்த புழு ஒன்றை இழுத்தது. அடுத்த வெடிப்புக்கு ஏறியது.

செம்புலிங்கம் கஞ்சியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளியாயி அவர் தோளில் தொங்கிய பயணப் பையைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க. யாருமேல கோவம்?"

"அசிங்கம்னேனே."

"சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேருந்துக் குரல் எங்கோ போயிருந்தது.

"உங்கமேலதான் தாயி. மத்தவங்களை எல்லாம் பாடத்துக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்க. என்னை ஒரு நாளாவது கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடலை," என்றாள் வள்ளியாயி, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து.

"மேல சொல்லுங்க அண்ணாச்சி."