சிவப்பேறிய நிரல்

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஞானசேகர் டீம் லீடாக இருந்தார். புதிதாகச் சேர்ந்த மெஹர்பானுவை வாடிக்கையாளர் ஒருவர் எல்லார் முன்னாலும் பாராட்டியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எப்போது சறுக்குவாள் என்று காத்திருந்தார்.

ஒரு நாள் அவள் எழுதிய நிரலைத் திறந்தார். பாதிக்குக் கீழே எல்லாம் சிவப்பு. மனம் குளிர்ந்துபோய் மேலாளர் லூர்துராஜைக் கூட்டிவந்தார்.

"பாருங்க சார், ஃபைலே கெட்டுப்போச்சு. இந்தப் பொண்ணை நம்பிப் புது புராஜெக்டை எப்படிக் கொடுக்கிறது?"

மெஹர்பானு எட்டிப் பார்த்தாள். "நிரல் சரியாத்தான் ஓடுது சார். சிவப்பு ஆரம்பிக்கிற இந்த வரி, மேற்கோள் குறி எங்கே இருக்குன்னு தேடுற பேட்டர்ன். அதுக்குள்ள ஒரே ஒரு குறி இருக்கு. மேற்கோள் ஆரம்பிச்சு முடியலைன்னு நினைச்சு, நிரலைக் காட்டுற எடிட்டர் சாஃப்ட்வேர், மேற்கோளுக்கான சிவப்பைக் கீழே இருக்கிறதுக்கெல்லாம் பூசிடுச்சு."

"அப்படின்னா நிரல்ல ஓர் எழுத்தையும் மாத்தாம அந்தச் சிவப்பைப் போக்கும்மா, பார்ப்போம்," என்றார் ஞானசேகர்.

அவள் அந்த வரியின் கடைசியில் ஒரு குறிப்பு சேர்த்து, அதில் இன்னொரு மேற்கோள் குறியை மட்டும் போட்டாள். சிவப்பு முழுக்க மறைந்தது.

"மாத்திட்டியே," என்றார் அவர்.

"குறிப்பை கம்ப்யூட்டர் படிக்காது சார். அது ஏமாறவும் இல்லை. ஏமாந்த ரெண்டு பேருக்காகத்தான் இதைப் போட்டேன்."

"யாரு அந்த ரெண்டு பேர்?" என்று கேட்டார் லூர்துராஜ்.

"ஒண்ணு எடிட்டர் சார்," என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

லூர்துராஜ் ஞானசேகர் பக்கம் திரும்பினார். "என்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீங்களா?"

புது புராஜெக்ட் மெஹர்பானுவுக்கே போனது.