பள்ளத்தில் விரித்த பாய்

ஜாவா தீவின் மலை மேலே கலிபெதெங் என்று ஒரு சிற்றூர். நாற்பது வீடு, கிழங்குத் தோட்டம், அடியில் ஒரு பள்ளம். எரிமலையின் விஷக்காற்று அதில் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. நின்றவன் பிழைப்பான், குனிந்தவன் எழுந்ததில்லை.

புதிதாக வந்த வட்டார அதிகாரிக்கு இது கட்டுக்கதை. "பள்ளத்திலும் கிழங்கு நடணும். நடாதவன் ஊரைவிட்டுப் போகணும்" என்றார். நடுவதென்றால் குனிய வேண்டும்.

மறுநாள் அவரே பள்ளத்தில் இறங்கி நின்றார். "எனக்கு என்ன ஆச்சு? குனிஞ்சு நடுங்கடா."

கூலிக்காரி வாகிரா அவர் காலடியில் ஒரு பாயை உதறிப் போட்டாள்.

"பெரியவர் உட்காராம நாங்க தலை தாழ்த்துறது இந்த ஊர் வழக்கமில்லீங்க. நீங்க உட்காருங்க எசமான். மறு நிமிஷமே நடுறோம்."

அதிகாரி பாயைப் பார்த்தார். அதில் வந்து விழுந்த வெட்டுக்கிளி இரண்டு உதை உதைத்து அடங்கியது.

"வேற வேலை இருக்கு" என்று மேலேறிப் போனார். திரும்பி வரவே இல்லை.

பாயை எடுக்க யார் குனிவது? அங்கேயே கிடந்து மக்கியது.