முறைத்தண்ணீருக்கு நாலு கடிகாரம்

மந்தமங்கலத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

வாய்க்காலில் அந்த ஊருக்கு முறை மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை. இரண்டடித்தால் மடை பக்கத்து ஊருக்கு. பேச்சியம்மாளின் நெல் மறுநாள் தண்ணீர் காணாவிட்டால் வெறும் வைக்கோல்தான். நேரம் தப்பக்கூடாதென்று ஊர்த்தலைவர் குப்பாண்டி டவுனுக்குப் போய் அணுக் கடிகாரம் கேட்டார். கடைக்காரன் சுவர்க் கடிகாரத்தில் 'அணு' என்று ஸ்டிக்கர் ஒட்டி நீட்டினான். சொன்ன விலைக்கு வாங்கினார். அதுவும் நாலு! குறைத்துக் கேட்க வாயில்லாதவனெல்லாம் தலைவர்.

"ஒண்ணை மட்டும் நம்பாதீங்க. பெரிய ஆராய்ச்சிக்கூடத்துலயே பல கடிகாரத்தைச் சேர்த்துத்தான் நேரம் பாக்குறாங்க. நாலையும் கூட்டி நாலால வகுங்க" என்றான் கடைக்காரன்.

மறுநாள் மதியம் நாலையும் மடைமேல் வரிசையாக வைத்தார்கள். இரண்டு கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது காட்டின. மற்ற இரண்டும் ஒரு மணி ஒரு நிமிஷம். கண்ணிருக்கிற எவனும் ஒரு மணி என்பான். ஊரின் கணக்குப் புலி சடையனோ, குச்சியால் மண்ணில் எழுதிக் கூட்டினான். இருபத்தெட்டு மணி வந்தது. நாலால் வகுத்தான்.

"ஏழு மணி."

"காலையா, சாயங்காலமா?" என்றார் குப்பாண்டி.

"காலைதான் தலைவரே. சாயங்காலம்னா இருட்டத் தொடங்கியிருக்குமே."

"வெயில் உச்சி மண்டையைப் பொளக்குதேடா" என்றாள் பேச்சியம்மா.

"சூரியன் ஒத்தைக் கடிகாரம் அத்தை. ஒண்ணை மட்டும் நம்பக்கூடாது."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. முறைக்கு இன்னும் ஆறு மணி நேரம் கிடக்கிறதே என்று மடையைத் திறக்காமல் மூவரும் புங்கமரத்தடியில் படுத்துவிட்டார்கள்.

பக்கத்து ஊர் இருளாண்டி வந்து எழுப்பினான். "ரெண்டாச்சு, எந்திரிங்கப்பா. மடை எங்களுக்கு."

சும்மா நம்பிவிடுவார்களா? சடையன் மறுபடி கூட்டினான், வகுத்தான். இந்தத் தடவை சரியாக இரண்டு வந்து தொலைத்தது.

"ஏழுலேருந்து ரெண்டு" என்று விரல் விட்டான். "ஏழு மணி நேரம் போயிருக்கு. நம்ம முறையும் வந்துட்டுப் போயிருச்சு."

"ஏழு மணி நேரமா நாம இங்கயேதான் காவல் இருந்திருக்கோம்" என்றார் குப்பாண்டி. "நம்மளத் தாண்டித் தண்ணி வேற எங்க போயிருக்கும்?"

"அவ்வளவும் என் வயல்லயா? பயிர் அழுகிப்போகுமே" என்று பேச்சியம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

இருளாண்டி மடையைத் தன் ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டு, கேட்டவர்களுக்கு வாளியும் இரவல் கொடுத்தான்.

பொழுது சாயும்வரை, பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த வயலில் மூன்று பேரும் குனிந்து குனிந்து மொண்டு வெளியே ஊற்றினார்கள்.

"பார்த்து ஊத்துடா சடையா" என்றாள் பேச்சியம்மா. "வரப்பு கரைஞ்சிரும்."