மயில் மூடிய கண்

“வாத்தியாரம்மா, நீங்க சொல்லிக் குடுத்ததுல ஏதோ கோளாறு.”

ஏகாம்பர ஆசாரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். வயது அறுபது. ஊர்த் தேரில் இருக்கும் சிற்பங்களில் பாதி அவர் செதுக்கியவை. தப்பு தன் பக்கம் இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

குழல் கற்றுக்கொடுக்கும் தையல்நாயகிக்கு அவர் மகள் வயதுதான். அவள் பாயை விரித்தாள்.

“போன வாரம் வரைக்கும் பேசின குழல் இப்ப ஊமையாயிடுச்சு. நாளைக்குத் தேரோட்டம். நான் செதுக்கின தேருக்கு முன்னாடி, நான் செஞ்ச குழல்ல, நானே வாசிக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்.”

“வாசிங்க, பாப்போம்.”

மேல் சுரங்கள் வந்தன. நாலாவது விரலை வைத்துக் கீழே இறங்கியதும் வெறும் காற்றுதான்.

தையல்நாயகி குழலை வாங்கிப் பார்த்தாள். கருங்காலிக் குழல். போன பாடத்தில் மொட்டையாக இருந்தது. இப்போது உடம்பெல்லாம் கொடி, பூ. நடுவில் ஒரு மயில்.

“கண்ணு எப்பத் திறந்தீங்க?”

“எல்லா வேலையும் முடிச்சுட்டு, கடைசியா. அதுதானே எங்க வழக்கம்? உளி முனையால ஒரே தட்டு. எப்படிப் பாக்குது பாத்தீங்களா!”

அவள் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி மயிலின் கண்ணில் வைத்தாள். ஈர்க்கு குழலின் உள்துளை வரை போய்விட்டது.

ஆசாரியின் முகம் சுண்டிப்போயிற்று.

அவள் கொஞ்சம் தேன்மெழுகை உருட்டி நீட்டினாள். “அடைச்சா சரியாப் போயிடும்.”

“மாட்டேன். திறந்த கண்ணை மூடற கை இல்ல இது. எங்க அப்பாவும் மூடினதில்ல. நாளைக்கு ஊர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னாலும் நிப்பேன்.”

அந்த வீம்பு அவளுக்குப் பிடித்திருந்தது. மெழுகைத் திரும்ப வைத்துவிட்டாள்.

“நீங்க மூட வேண்டாம். மயிலையே மூடிக்கச் சொல்லுங்க.”

“கேலி பண்றீங்களா? மரத்து மயில் எப்படிம்மா கண்ணை மூடும்?”

“வாசிப்பு நல்லா இருந்தா நாமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத்தானே கேக்கறோம்?”

ஆசாரிக்குக் கோபம் வந்தது. குழலை உதட்டில் வைத்தார். கீழே இறங்கினார். காற்று. மறுபடியும் காற்று.

“இன்னும்,” என்றாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. அவரும் விடுவதாக இல்லை. வேலையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்த இடது கைச் சுண்டுவிரல் வலியெடுத்துத் தளர்ந்து குழலின்மேல் சாய்ந்தது.

கீழ்ச் சுரம் வந்தது. முழுசாக, கனமாக வந்தது.

ஆசாரி கண்களை மூடிக்கொண்டு பாட்டை முடிக்கும்வரை வாசித்தார்.

கண்ணைத் திறந்தபோதுதான் தன் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

“யாரு மூடினது?” என்று கேட்டாள் தையல்நாயகி.

ஆசாரி விரலை எடுத்தார். மயில் அவரையே பார்த்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

“என்னைக் கேட்டா? என் மயிலுக்குக் கேள்வி ஞானம் இருக்கு, வாத்தியாரம்மா!”