மஞ்சள் வைத்த வாக்குச் சீட்டு

சட்டம் படித்தவர்களும் அதை மீறிப் பழகியவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய வழக்கு இது. முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போட்ட காலம். காரைவலசுத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வையாபுரி நான்காம் முறையாக நின்றிருந்தார். முதல் தேர்தலில் பதினோராயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். இரண்டாவதில் அது மூவாயிரமாயிற்று, மூன்றாவதில் நானூறு. இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. எதிர்த்து நின்ற நாச்சிமுத்து ஜோசியரையும் வைத்திருந்தார், மஞ்சள் மண்டியையும் வைத்திருந்தார், தோட்டத்து ஓரமாகக் கூலியாட்களுக்கு ஒரு வரிசை வீடுகளையும் வைத்திருந்தார்.

எண்ணி முடித்தார்கள். மறுபடியும் எண்ணினார்கள். இருவருக்கும் சரிசமம். மேசையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. முத்திரை வையாபுரியின் சின்னத்தின் மேல் பளிச்சென்று விழுந்திருந்தது, அதில் குழப்பமில்லை. ஆனால் சீட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் புதுத்துணிக்கும் வைப்பதுபோல் யாரோ வாக்குக்கும் வைத்துவிட்டார்கள்.

அந்த யாரோ யாரென்று வையாபுரிக்குத் தெரியும். பாவாத்தாள். நாச்சிமுத்துவின் வரிசையில் கடைசி வீட்டில் குடியிருப்பவள். அங்கே அரசுக் குழாய் வரக்கூடாது என்று நாச்சிமுத்து மறித்தபோது, வையாபுரி வெயிலில் நின்று போடவைத்த குழாய் அவள் வாசலில்தான் இருந்தது. ஓட்டுக் கேட்கப் போனபோது, குடத்தை இடுப்பில் ஏற்றியபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வந்த வழியே போயிருங்க. உங்களோட பேசறதைப் பாத்தா எங்க தோட்டத்துப் பண்ணாடி சட்டிபானையெல்லாம் தூக்கி வீதில வீசிருவாரு. நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சுத்தான் உங்களுக்குப் போடுவேன், போங்க."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தார்.

நாச்சிமுத்து எழுந்தார். "இது செல்லாதுங்க. போட்டவங்க யாருன்னு காட்டிக்கொடுக்கற குறி இருந்தாத் தள்ளணும்னு உங்க சட்டத்துலயே இருக்குது."

தேர்தல் அதிகாரி சீதாபதி, மனைவியிடம் காப்பி கேட்பதற்குக்கூட விதி எண் சொல்லக்கூடியவர். "இருக்கிறது. உங்கள் ஊரில் மஞ்சள் இல்லாத வீடு உண்டா? இது யாரைக் காட்டிக்கொடுக்கிறது?"

"பேரைச் சொல்லட்டுங்களா?"

"சொன்னால் உங்கள் மேல் வழக்கு வரும். யார் யாருக்குப் போட்டார் என்பதை வெளியிடக்கூடாது. இந்த அறைக்குள் இருக்கிற எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது."

"நல்லாருக்குதே! சொல்லாட்டி ருசு இல்லீங்கறீங்க, சொன்னா உள்ள தள்ளுவேங்கறீங்க." நாச்சிமுத்து மெல்லச் சிரித்தார். "சரி, பேரே வேண்டாம். ஏனுங்க எம்மெல்லே, இது யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒத்தை வார்த்தைல சொல்லிப்போடுங்க. பொய் பேசாத எம்மெல்லேன்னு சுவத்துக்குச் சுவரு எழுதியிருக்கறீங்களே!"

வையாபுரி கவனித்தார். நாச்சிமுத்துவின் கண் சீட்டின் மேல் இல்லை, தன் முகத்தின் மேல் இருந்தது. மஞ்சள் விரலோடு சாவடிக்கு வந்தவளை அவருடைய ஆள் யாரோ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் இன்னும் சந்தேகம்தான், நிச்சயமில்லை. அந்த நிச்சயத்தைத்தான் இப்போது தன் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார்.

தெரியும் என்றால் சீட்டுத் தள்ளுபடி, பிறகு சரிசமத்தைத் தீர்க்கத் திருவுளச்சீட்டுக் குலுக்கல், யார் வென்றாலும் பொழுது சாய்வதற்குள் பாவாத்தாளின் பானைகள் வீதியில். தெரியாது என்றால் பொய், அந்தப் பொய்க்குக் கூலியாக ஐந்து வருடப் பதவி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே தெரியும் என்றதற்குச் சமம்.

"என்னங்க, இத்தனை யோசனை? பெருக்கல் கணக்கா கேட்டேன்?"

"தெரியாது" என்றார் வையாபுரி. குரல் பிசிறவில்லை. பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "ஆனா இந்த ஓட்டு எனக்கு வேண்டாமுங்க. தள்ளிருங்க. குலுக்கியே பாத்துக்கலாம்."

அவருடைய முகவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"அவரே வேண்டாங்கறாரே, எழுதிக்குங்க!" என்று நாச்சிமுத்து மேசையைத் தட்டினார்.

சீதாபதி இருவரையும் பார்க்கவில்லை. சீட்டை எடுத்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், வையாபுரியின் கட்டின் மேல் வைத்தார். "செல்லும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் வையாபுரி வெற்றி."

உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டவர் நாச்சிமுத்து. பொய் சொல்லி, அந்தப் பொய்யின் லாபத்தை உதறப் பார்த்தவர் வையாபுரி. வேண்டாம் என்றவரின் கட்டிலேயே சீட்டை வைத்தவர் சீதாபதி. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: சீதாபதி செய்ததே சரி. சீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிறதா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. யாருக்காவது வேறு வழியில் தெரியுமா என்பது அதன் கவலையல்ல. வையாபுரி அவள் சொல்லி அறிந்தார். நாச்சிமுத்து வேவு பார்த்து ஊகித்தார். மஞ்சள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆகவே நாச்சிமுத்து கேட்டதற்கு உண்மையின் வேடம் இருந்ததே தவிர, கேட்கும் உரிமை இல்லை. அந்தக் கேள்விக்கு வையாபுரி சொன்ன பொய்யை, ஒரு குடும்பத்தின் கூரையை எண்ணி மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அடுத்து அவர் சொன்ன "வேண்டாம்"தான். வீடு போனாலும் போகட்டும் என்று துணிந்து ஒருத்தி போட்ட வாக்கை, தன் மனம் உறுத்தாமல் இருப்பதற்காக அவர் தூக்கியெறியத் துணிந்தார். எறிய வேண்டுமானால் அவள்தான் எறிய வேண்டும். அவளோ மஞ்சள் வைத்துப் போட்டிருந்தாள்.