யார் வீட்டு இருப்பு

கோபம் என்றால் அப்படியொரு கோபம். சற்குணம் தள்ளிய வேகத்தில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அறையின் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது.

உள்ளே ஜெரினா தலை நிமிரவில்லை. சற்குணத்தைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவருக்கு டேட்டாபேஸ் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். யார் சிரித்தாலும் சரி, அவருக்கு அவள் டீச்சர்.

"நீங்க சொன்னதைத்தானே டீச்சர் செஞ்சேன்? ரத்த வங்கியோட அட்டவணையை எல்லாரும் பார்க்கணும், அது யார் கணக்குல இருக்கோ அவங்க பேரை முன்னாடி போட வேண்டாம், வெறுமனே 'இருப்பு'ன்னு கேட்டா போதும்னு பொதுப்பேர் வச்சீங்களா இல்லையா?"

"வச்சேன்."

"ஆபரேஷன் தியேட்டர்லருந்து போன்ல கேட்டாங்க. இருப்புன்னு தட்டினேன். ஓ நெகட்டிவ் ரெண்டு பை காட்டுச்சு. இருக்குன்னு சொல்லிட்டேன். வயித்தைத் திறந்த பிறகு பார்த்தா ஃபிரிட்ஜ் காலி! பிள்ளைத்தாச்சி டீச்சர்! பக்கத்து ஊர்லருந்து ரத்தம் வர்றதுக்குள்ள..."

தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள்.

"அந்தப் பொதுப்பேரை இப்பவே அழிங்க! பொய் சொல்ற பேரு நமக்கெதுக்கு?"

"முதல்ல தண்ணி குடிங்க."

சற்குணம் அதே அறையில் தன் மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். முகம் கோணியது. "சே! பிளாஸ்டிக் நாத்தம்."

"எப்ப புடிச்சது?"

"வெள்ளிக்கிழமையோ என்னவோ."

"வராந்தாவுல எல்லாருக்கும் நல்ல தண்ணி வச்சிருக்கே. அதை ஏன் விட்டீங்க?"

"தண்ணின்னு சொன்னீங்க. கைக்கு எட்டினது இதுதான்."

அப்போதுதான் ஜெரினா நிமிர்ந்தாள். அவளுக்கும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"போன மாசம் பழகிப் பார்க்கணும்னு அந்த அட்டவணையை உங்க கணக்குல நகல் எடுத்தீங்களே. அதுக்கு என்ன பேர் வச்சீங்க?"

"இருப்புன்னு..." குரல் இறங்கியது. "அழிக்க மறந்துட்டேன்."

"பேரை மட்டும் சொன்னா முதல்ல உங்க வீட்டுக்குள்ள, அதான் உங்க கணக்குக்குள்ளதான் தேடும். அங்க இல்லைன்னாதான் பொதுவுக்கு வரும். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

சற்குணம் விடவில்லை. "திரையில வெறும் இருப்புன்னுதானே நின்னுச்சு? அது என்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டிலைத் திருப்புங்க."

திருப்பினார். வேறு யாரும் குடித்துவிடக் கூடாதென்று கறுப்பு மார்க்கரில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"என்ன போட்டிருக்கு? சத்தமாப் படிங்க."

"சற்குணம்" என்று படித்தவர், தன் கணக்கைத் திறந்து அங்கே தன் பேரில் கிடந்த பழைய 'இருப்பு' நகலை அழித்தார்.