ஜீப்புக் கதவில் ஓட்டை

ஜீப்புக்குள் உட்கார்ந்து சுடும் போலீஸ் பயிற்சி அன்றைக்குத்தான் ஆரம்பம். ஒருத்தரும் இன்னும் துப்பாக்கியைத் தொடவில்லை. அதற்குள் ஜீப்புக் கதவில் ஒரு குண்டு ஓட்டை!

பார்வையிட வந்த டி.எஸ்.பி. அம்மா முன்னால், இன்ஸ்பெக்டர் வேதாசலம் டிரைவர் கொம்பையாவைப் பிடித்துக்கொண்டார். "வண்டி உன் பொறுப்புதானே? சுட்டவன் யாருன்னு இப்பவே சொல்லு. இல்லாட்டி உன் காக்கிச் சட்டையைக் கழட்டிருவேன்."

கொம்பையாவுக்குச் சந்தேகம் முன்னமே உண்டு. நேற்றுச் சாயங்காலம் ஜீப்புச் சாவியை வாங்கிப் போனவரே இந்த இன்ஸ்பெக்டர்தான். இந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறாரே மனுஷன்!

"கண்டுபிடிச்சிரலாம் ஐயா," என்றான் பவ்வியமாக. "வண்டிக்குள்ள உக்காந்து சுட்டா, குண்டு போனதும் காலித் தோட்டாக் கூடு நெருப்பாத் தெறிச்சு, கூரையில முட்டி, சுட்டவர் மேலயே விழும். விழுந்த இடம் கொப்புளிச்சிருக்கும். எல்லாரையும் சோதிச்சுப் பார்த்துருவோம்."

வரிசையில் நின்ற போலீஸ்காரர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். இன்ஸ்பெக்டரின் கை மட்டும் தன் சட்டைக் காலருக்குப் போனது. "இது கொசு கடிச்சதுய்யா!"

"கழுத்துன்னு நான் சொல்லவே இல்லியே ஐயா," என்றான் கொம்பையா.

டி.எஸ்.பி. அம்மா மெல்லத் திரும்பினார். "வேதாசலம், பொத்தானைக் கழட்டுங்க."